ஆலை வாசலில் கழியும் மணி நேரம்

செம்பனைக் குலையை வெட்டி 24 மணி நேரத்துக்குள் ஆலையில் வேகவைக்க வேண்டும். தாமதமானால் எண்ணெயில் அமிலம் ஏறும், விலை இறங்கும். மலேசியாவில் 1972இல் உருவான கெஜோரா வட்டார வளர்ச்சி வாரியம் தோட்டங்களுக்கு நடுவே எழுப்பிய ஊர் பண்டார் தெங்காரா. இங்கே லாரி ஓட்டுநரின் நாளைத் தீர்மானிப்பது இந்தக் கெடுதான்.

பழம் அதிகம் இறங்கும் மாதங்களில் ஆலை வாசலில் லாரிகள் வரிசை கட்டும். முன் லாரி நகர்ந்தால் நகர வேண்டும், கண்ணயர முடியாது. டிரிப் கணக்கில் சம்பளம் வாங்குபவர், வரிசையில் போன நேரத்தை இரவுச் சாலையில்தான் பிடிக்கப் பார்ப்பார்.

மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, தொடர்ந்து 5 மணி நேரம் உழைத்தால் அரை மணி ஓய்வு. 2023 முதல் வார வேலை 45 மணி நேரம்தான். ஆனால் காலை பத்து மணி ஓட்டமும் விடியற்காலை மூன்று மணி ஓட்டமும் இந்தக் கணக்கில் ஒன்றே. உடம்பு அப்படிப் பார்ப்பதில்லை. 17 மணி நேரம் விழித்திருப்பவரின் நிதானம், ரத்தத்தில் 0.05 விழுக்காடு மது ஏறியவருடையதைப் போல ஆகிவிடுகிறது என்கின்றன ஆஸ்திரேலிய ஆய்வுகள். 80 கி.மீ. வேகத்தில் 3 விநாடி கண் சொக்கினால் லாரி ஏறக்குறைய 67 மீட்டர் போய்விடும்.

ஆஸ்திரேலியாவின் பெரும்பாலான மாநிலங்களில் 2014 பிப்ரவரியில் வந்த கனரக வாகனச் சட்டம் வேறு வழியில் போகிறது. பொது விதிப்படி 24 மணி நேரத்தில் 12 மணி நேர வேலை, தொடர்ச்சியாக 7 மணி நேர ஓய்வு. அட்டவணை, பயிற்சி, உடல்தகுதி, பதிவேடு எல்லாம் ஒழுங்காக வைத்திருப்பதாகச் சான்று பெற்ற நிறுவனத்துக்கு 14 மணி நேரம் வரை அனுமதி. எஞ்சின் ஓடும்போது ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருப்பதும் வேலைதான். ஆலை வரிசை இதில் தப்ப முடியாது! தாமதத்தால் ஓட்டுநர் விதி மீறினால் சரக்கு அனுப்பியவர்மீதும் கேள்வி வரும்.

இந்தப் பொறுப்பைக் கழற்றிவிட்டு 14 மணி நேரத்தை மட்டும் இங்கே கொண்டுவந்தால், லாபம் முதலாளிக்கே. முதலில் வரிசையில் காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி வேண்டும். முறை எண் கொடுத்தால் ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டு ஒரு தூக்கம் போடலாம். சொந்த லாரியை ஒப்பந்தத்துக்கு ஓட்டுபவரோ ஊழியரே இல்லை. 45 மணி நேரக் கணக்கு அவரைத் தொடுவதே இல்லை.