உயர்தர மாணவருக்குத் திறன்பேசி: தேவையா, வேறொன்றின் குறையா?

கிண்ணியா, மூதூர்ப் பக்கப் பாடசாலைகளில் நான் கலந்துகொண்ட பெற்றோர் கூட்டங்களில், நிகழ்ச்சி நிரலில் இல்லாவிட்டாலும் ஒரு கேள்வி எழாமல் போனதில்லை. "சேர், புள்ளைக்கு ஃபோன் வாங்கிக் குடுக்கிறதா, வேணாமா?" கேட்பவர் பெரும்பாலும் உம்மாதான். வாப்பா கடலிலோ கட்டாரிலோ இருப்பார். 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ ஒரே சொல்லில் பதில் சொல்வது பிள்ளைக்கு நன்மை தராது என்பது என் கருத்து. அந்த ஃபோன் எந்தத் தேவைக்காக, எந்தக் குறையை நிரப்ப வருகிறது என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஃபோன் வீட்டுக்குள் வந்த வழி

2020 மார்ச்சில் கொரோனா காரணமாக நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டன. திறப்பதும் மூடுவதுமாக 2021 வரை இழுபட்டது. தொலைக்காட்சியிலும் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலும் பாடங்கள் கிடைத்தாலும், நடைமுறையில் ஆசிரியரையும் மாணவரையும் இணைத்தது வாட்ஸ்அப் குழுவும் ஸூமும்தான். 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டால் பாடசாலைகள் மீண்டும் மூடப்பட்டபோதும் அதே வழிதான். நகையை ஈடு வைத்து ஃபோன் வாங்கிய வீடுகளை நான் அறிவேன்.

பாடசாலை திறந்தது; ஃபோன் பிள்ளையின் கையிலேயே தங்கிவிட்டது. அவசரத்தில் கொடுத்த பொருளுக்கு, அவசரம் தீர்ந்தபின் என்ன ஒழுங்கு என்று பல வீடுகளில் பேசப்படவே இல்லை. இன்றைய சச்சரவுகளில் பாதிக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

மூன்று தேவைகள்

முதலாவது, பாதுகாப்பு. நம் பகுதியில் இதை இலேசாகத் தட்டிக்கழிக்க முடியாது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை துறையைக் கடந்தே போய்வந்த மக்கள் நாம். 2021 நவம்பர் 23ஆம் திகதி, குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டிமுடியாத நிலையில் ஓடிய மிதவைப் படகு கவிழ்ந்து, பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலரின் உயிர் பறிபோனது. அதன்பின், "போய்ச் சேந்துட்டன் உம்மா" என்ற ஒரு வார்த்தைக்காகக் காத்திருக்கும் தாயிடம் ஃபோன் ஆடம்பரம் என்று சொல்ல எனக்கு நா எழாது. ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குப் பட்டன் ஃபோன் போதும். அந்தப் பிள்ளைகளுக்குத் தேவைப்பட்டது ஃபோனும் அல்ல, பாலம்.

இரண்டாவது, படிப்பு. சாதாரண தரம் வரை பாடநூலும் கடந்தகால வினாத்தாள்களும் ஆசிரியரும் இருந்தால் பெரும்பாலும் போதுமானது. உயர்தரம் வேறு. விஞ்ஞானப் பிரிவு 1ஏபி தரப் பாடசாலைகளில்தான் உண்டு. பௌதிகத்துக்கோ இணைந்த கணிதத்துக்கோ ஊரில் ஆசிரியர் இல்லாத பிள்ளை, மட்டக்களப்பிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கும் ஆசிரியரின் இணையவழி வகுப்பை நம்புகிறது. குறிப்புகளும் பிடிஎஃப்பாகத்தான் வருகின்றன. பல்கலைக்கழக விண்ணப்பமும் இணையத்துக்குப் போய்விட்டது. ஆகவே தேவை உண்மையானது. ஆனால் படிப்புக்கு வேண்டியது பயன்பாடு, தனியுடைமை அல்ல. வகுப்பு நேரத்தில் வீட்டு ஃபோன் கிடைத்தால் அது நிறைவேறும்.

மூன்றாவது, கூட்டு. இதைத்தான் பிள்ளைகள் வெளியே சொல்வதில்லை. "எல்லாருக்கிட்டயும் இரிக்கி, எனக்கிட்ட மட்டும் இல்ல" என்பதில் வெட்கம் இருக்கிறது, தனிமை இருக்கிறது. டிக்டொக்கும் விளையாட்டுச் செயலிகளும் இந்த இடத்தில்தான் பிடிக்கின்றன. முடிவே இல்லாமல் அடுத்தடுத்து வரும்படிதான் அவை ஆக்கப்பட்டிருக்கின்றன. பெரியவர்களாலேயே வைக்க முடியாத ஃபோனைப் பதினாறு வயதுப் பிள்ளை இரவு பதினொரு மணிக்குத் தானாக வைக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல.

வெளியுலகம் என்ன செய்தது

பிரான்ஸ் 2018இல் பாடசாலைகளில் ஃபோன் பாவனையைச் சட்டத்தால் தடுத்தது. அந்தத் தடை ஏறத்தாழப் பதினைந்து வயது வரையான வகுப்புகளுக்கே. அதற்கு மேல் முடிவு அந்தந்தப் பாடசாலையிடம் விடப்பட்டது. அவுஸ்திரேலியா பதினாறு வயதுக்குக் குறைந்தோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதை 2025 டிசம்பரிலிருந்து தடுத்தது. யுனெஸ்கோவின் 2023 உலகக் கல்வி அறிக்கையோ, தொழில்நுட்பம் ஆசிரியருக்குத் துணையாக இருக்கலாம், அவரின் இடத்தைப் பிடிக்கக் கூடாது என்ற நிலைப்பாட்டை எடுத்தது. வயதுக்கேற்ற வேறுபாடு வேண்டும் என்பதே நமக்குப் பாடம்: சாதாரண தரப் பிள்ளைக்கு ஓர் ஒழுங்கு, உயர்தரப் பிள்ளைக்கு வேறோர் ஒழுங்கு.

எந்தக் குறை மறைகிறது?

நம் நாட்டின் பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும் 55 வீதம் மாவட்ட அடிப்படைக்கும் ஒதுக்கப்படுகிறது. மிகுதி 5 வீதம் கல்வி வசதியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. திருகோணமலை அந்தப் பட்டியலில் இருக்கிறது. நம் மாவட்டத்தில் வசதி குறைவு என்பதை அரசே ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதுதான் இதன் பொருள். ஆனால் உம்மா நகையை ஈடு வைத்து ஃபோன் வாங்கி, ரீலோட் போட்டு, இணையவழி வகுப்புக்குக் காசு கட்டியதும் ஆசிரியர் வெற்றிடம் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்க வேண்டிய கேள்வியை நாம் ஃபோன் கடையில் தீர்த்துக்கொள்கிறோம்.

இன்னொரு அநீதியும் உண்டு. மகனின் ஃபோனில் தப்பு நடந்தால் ஏச்சோடு முடிகிறது. மகளின் படத்தை எவனோ தவறாகப் பயன்படுத்தினால் ஃபோனும் போகிறது, வகுப்பும் போகிறது, சில வீடுகளில் படிப்பே போகிறது. குற்றம் செய்தவன் ஒருவன், தண்டனை அவளுக்கு. இது நடக்கும் என்று தெரிந்ததால்தான் மிரட்டப்படும் பிள்ளை வீட்டில் வாய் திறப்பதில்லை. "எதுவெண்டாலும் சொல்லு, உன்ட படிப்ப நிப்பாட்ட மாட்டம்" என்ற உறுதியை ஃபோன் கொடுக்கும் அன்றே கொடுக்க வேண்டும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கமும் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

செய்யக்கூடியவை

சாதாரண தரம் முடியும்வரை தனி ஃபோன் வேண்டாம். வீட்டு ஃபோனும், பயணத்துக்குப் பட்டன் ஃபோனும் போதும். உயர்தரத்தில் வகுப்புக்குரிய நேரம் குறித்துக் கொடுப்போம். இரவில் அது பெற்றோரின் அறையில் இருக்கட்டும். அந்த ஒழுங்கை வாப்பாவும் உம்மாவும் தங்களுக்கும் வைத்துக்கொண்டால்தான் பிள்ளை மதிக்கும். பழைய மாணவர் சங்கமும் பள்ளிவாசல் நிர்வாகமும் சேர்ந்தால், பாடசாலை நூலகத்திலோ பள்ளிவாசல் மண்டபத்திலோ நான்கைந்து கணினியும் இணையமும் கொண்ட மாலைநேரப் படிப்பறை ஒன்றை நடத்தலாம். ஆண், பெண் பிள்ளைகளுக்கு வேறு வேறு நேரம் ஒதுக்கினால் எந்த வீட்டாரும் தடை சொல்லமாட்டார்கள். அத்தோடு, எந்தப் பாடத்துக்கு எத்தனை மாதமாக ஆசிரியர் இல்லை என்று எழுதி, கையொப்பம் வாங்கி, வலயத்துக்கு அனுப்புவோம்.

பிள்ளை நம்மிடம் தரப்பட்ட அமானத். அதைக் கவனிக்கும் வேலையை ஒரு ஃபோனை வாங்கிக் கொடுத்தும் முடித்துவிட முடியாது, பறித்தும் முடித்துவிட முடியாது.