சாம்பவர்வடகரை தந்த இசை வாத்தியார்

ஆபிரகாம் பண்டிதர் 1859 ஆகஸ்ட் 2ஆம் தேதி சாம்பவர்வடகரையில் பிறந்தார். புளியங்குடிக்குத் தெற்கே, சுரண்டையை ஒட்டிய ஊர் அது. பெற்றோர் முத்துசாமி நாடார், அன்னம்மாள். ‘கருணாமிர்த சாகரம்’ என்ற பெருநூலால் இசை உலகத்திலும், சஞ்சீவி மருந்துகளால் வைத்திய உலகத்திலும் பெயர் பெற்றவர். ஆனால் அவர் பிழைப்பைத் தொடங்கியது பள்ளிக்கூட வாத்தியாராகத்தான். வேலையை விட்ட பிறகும் வாத்தியாருக்குரிய பழக்கம் அவரை விடவில்லை. ஒன்றைச் சொன்னால் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும், பத்துப் பேர் முன்னால் பாடிக் காட்ட வேண்டும், கேள்வி வந்தால் நின்று பதில் சொல்ல வேண்டும் என்பதே கடைசி வரை அவருடைய வழியாக இருந்தது.

திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்று, படித்த பள்ளியிலேயே ஆசிரியரானார். அந்த ஊரில் சடையாண்டிப் பத்தரிடம் இசை பயின்றார். சுருளிமலையில் கருணானந்தர் என்ற சித்தரைச் சந்தித்து மூலிகை மருத்துவத்தில் இறங்கியதும் அந்தக் காலத்தில்தான். 1882இல் ஞானவடிவு பொன்னம்மாளை மணந்தார். பின்னர் இருவரும் தஞ்சாவூருக்குப் போய் லேடி நேப்பியர் பெண்கள் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார்கள். மனைவி தலைமையாசிரியை, கணவர் தமிழாசிரியர். 1890இல் இருவருமே வேலையை விட்டு முழுநேரமும் மருத்துவத்தில் ஈடுபட்டார்கள். நகருக்கு வெளியே நிலம் வாங்கி மூலிகை பயிரிட்டு, குருவின் நினைவாக அதற்குக் கருணானந்தபுரம் என்று பெயர் வைத்தார் பண்டிதர். ஊரார் வாயில் அது பண்டிதர் தோட்டம். மருந்து விற்ற பணம்தான் பிறகு இசைக்குச் செலவானது. அரசு 1909இல் அவருக்கு ராவ் சாகிப் பட்டம் கொடுத்தது.

இசைக்குத் தஞ்சாவூரை விடத் தோதான ஊர் அன்று வேறில்லை. இரண்டாம் சரபோஜி காலத்திலேயே அரண்மனையில் மேல்நாட்டுப் பேண்டு வாத்தியம் முழங்கிய ஊர் அது. கர்நாடக இசையும் மேல்நாட்டு இசையும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் கேட்கும். பண்டிதர் மேல்நாட்டு இசையைப் பிச்சைமுத்து என்பவரிடம் கற்றார். அங்கே அவர் கண்ட பெரிய குறை, தமிழ்ப் பிள்ளைகள் பாட்டுக் கற்கத் தமிழில் பாடம் இல்லாதது. கீதமும் வர்ணமும் பெரும்பாலும் தெலுங்கிலும் வடமொழியிலும் இருந்தன. பொருள் தெரியாமல் பிள்ளைகள் உருப்போட்டார்கள். அதனால் கீதம், வர்ணம், கீர்த்தனை என்று அவரே தமிழில் இயற்றி, சுரத்தோடு ‘கருணாமிர்த சாகரத் திரட்டு’ என்ற பெயரில் வெளியிட்டார். ஆராய்ச்சி நூலின் புகழில் இந்தப் பாட்டுப் புத்தகம் மங்கிப்போனது. உண்மையில் அவருடைய வாத்தியார் மனம் முதலில் தெரிவது இதில்தான்.

பாடம் எழுதத் தொடங்கினால் அளவு கேட்கும். ஒரு ஸ்தாயியில், அதாவது சட்ஜத்திலிருந்து மேல் சட்ஜம் வரை, சுருதி எனப்படும் நுண்ணிய இசைநிலைகள் எத்தனை? 13ஆம் நூற்றாண்டில் சாரங்கதேவர் எழுதிய ‘சங்கீத ரத்னாகரம்’ 22 என்கிறது. அந்த 22ஐ எந்தெந்த இடத்தில் வைப்பது என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். பண்டிதர் பழந்தமிழ் நூல்களுக்குத் திரும்பினார். உ.வே. சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தை அச்சிட்டு வெளியிட்டிருந்தார். அதில் ஆய்ச்சியர் குரவைப் பகுதியில், ஏழு பெண்கள் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரங்களின் பெயர் பெற்று வட்டமாக நின்று கைகோத்து ஆடுகிறார்கள். ஆட்டமாகத் தெரியும் அந்த வட்டத்தில் 12 இராசி வீடுகளும் சுரங்கள் நிற்கும் இடங்களும் அடங்கியிருப்பதைப் பண்டிதர் படித்தெடுத்தார்.

ஒரு தந்தியை வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். தந்தியின் நீளம் 90 செ.மீ. என்று கொள்வோம். முழுத் தந்தி சட்ஜம். பாதியில், அதாவது 45 செ.மீ.யில், மேல் சட்ஜம். மூன்றில் இரண்டு பங்கான 60 செ.மீ.யில் பஞ்சமம். அந்த 60இல் மூன்றில் இரண்டு 40. இது மேல் ஸ்தாயிக்குப் போய்விட்டதால் இரட்டித்தால் 80, அது சதுசுருதி ரிஷபம். இப்படியே ஒவ்வொரு சுரத்துக்கும் பஞ்சமம் பிடித்துக்கொண்டு போனால் 12 சுரமும் கிடைத்து, பன்னிரண்டாம் முறை புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். ஆனால் வந்து நிற்பது 90இல் அல்ல, ஏறக்குறைய 88.8 செ.மீ.யில். வட்டம் மூட ஒரு விரலகலம் மிச்சம். உலகம் முழுவதும் இசைக் கணக்குப் போட்டவர்களைத் தொல்லைப்படுத்திய இடைவெளி இது.

வட்டம் மூடித்தான் ஆக வேண்டும் என்றார் பண்டிதர். 12 வீடுகளும் சம அளவு என்று வைத்தால் பஞ்சமம் 60க்குப் பதில் 60.07 செ.மீ.யில் விழும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அந்த வித்தியாசம் காதுக்குப் பெரும்பாலும் தெரியாது. ஹார்மோனியக் கட்டைகளும் இந்தக் கணக்கில்தான் அமைகின்றன. சமமான இந்த 12 சுரங்களின் அமைப்பைப் பண்டிதர் ஆயப்பாலை என்றார். ஒவ்வொன்றையும் இரண்டாகப் பகுத்தால் 24 சுருதிகள், அது வட்டப்பாலை. மேலும் பகுத்தால் திரிகோணப்பாலையில் 48, சதுரப்பாலையில் 96. எனவே சுருதி 22 அல்ல, 24 என்பது அவர் முடிவு.

முடிவை எழுதி வைத்துவிட்டு அவர் ஓயவில்லை. சங்கீத வித்தியா மகாஜன சங்கம் என்ற அமைப்பைத் தொடங்கி, 1912 மே 27இல் தஞ்சாவூரில் முதல் மாநாட்டைக் கூட்டினார். 1916க்குள் ஏழு மாநாடுகள் நடந்தன, செலவு அவருடையது. சென்னை மியூசிக் அகாடமி தோன்றியது 1928இல் என்பதை நினைத்தால், தனி மனிதர் ஒருவர் இதைச் செய்தது எவ்வளவு பெரிது என்பது தெரியும். 1916 மார்ச்சில் பரோடாவில் அகில இந்திய இசை மாநாடு கூடியபோது அங்கும் போனார். பண்டிதர் தம் கொள்கையை விளக்க, மகள்கள் அறிஞர்கள் முன்னிலையில் சுருதிகளை இசைத்துக் காட்டினார்கள். பெண்கள் சபையில் பாடுவதே அரிதான காலத்தில், வீட்டுப் பெண்களைப் பயிற்றி ஆராய்ச்சிக்குச் சாட்சியாக நிறுத்தியவர் அவர்.

‘கருணாமிர்த சாகரம்’ 1917இல் வெளிவந்தது. ஆயிரத்து முந்நூறு பக்கங்களுக்கு மேல் நீளும் நூல். தஞ்சாவூரில் அவரே நடத்திய லாலி மின்சார அச்சுக்கூடத்தில் அச்சானது. 24 என்ற கொள்கையை இசை உலகம் முழுதாக ஏற்கவில்லை; 22 என்பாரே இன்றும் மிகுதி. பாலை என்ற பழந்தமிழ்ச் சுர வரிசைகளுக்கு இன்றைய இராகம் எது என்பதிலும் பின்வந்தோர் அவரோடு மாறுபட்டார்கள். ஆனால் சிலப்பதிகாரத்தில் ஓர் இசை இலக்கணமே இருக்கிறது என்று அளந்து காட்டிய பாதை அவருடையது. விபுலானந்தரின் ‘யாழ் நூல்’ 1947இல் வந்தபோது அந்தப் பாதைக்கு முப்பது வயது.

பண்டிதர் 1919 ஆகஸ்ட் 31இல் காலமானார். கருணாமிர்த சாகரத்தின் இரண்டாம் பகுதி 1946இல்தான் அச்சேறியது. மகன் வரகுண பாண்டியன் பழைய யாழைப் பற்றி ஆராய்ந்து ‘பாணர் கைவழி’ என்ற நூலை எழுதினார்.