ஸ்போர்ட்ஸ் கார் மதிப்பீடு: சோதனையாளரும் உரிமையாளரும்

ஸ்போர்ட்ஸ் கார் என்பது வேகம், வளைவில் சாலைப் பிடிப்பு, ஓட்டும் இன்பம் ஆகியவற்றுக்கு முதலிடம் கொடுத்து வடிவமைக்கப்படும் மகிழுந்து வகையாகும். இவை பெரும்பாலும் இரண்டு கதவுகளும் தாழ்வான உடலும் கொண்டிருக்கும். இக்கார்களை மதிப்பிடுவோர் இரு திறத்தார். ஒருவர், கார் இதழ்களிலும் நுகர்வோர் அமைப்புகளிலும் பணிபுரியும் சோதனையாளர். சில நாள்களோ சில மாதங்களோ ஓட்டிப் பார்த்து மதிப்பெண் இடுபவர். மற்றவர், சொந்தப் பணத்தில் வாங்கி, அலுவலகத்துக்கும் கடைக்கும் ஆண்டுக்கணக்கில் ஓட்டும் உரிமையாளர். ஒரே காரைப் பற்றி இவ்விருவரும் சொல்வது பல நேரங்களில் பொருந்துவதில்லை. யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்று இதற்குப் பொருளில்லை. இருவரும் அளக்கும் பொருளே வேறு. இவ்வேறுபாடு நன்கு பதிவாகியுள்ள அமெரிக்க நாட்டை மையமாக வைத்து இக்கட்டுரை அமைகிறது.

சோதனை நடைபெறும் முறை

பெரும்பாலான கார் இதழ்கள், தயாரிப்பு நிறுவனம் கடனாகத் தரும் காரையே சோதிக்கின்றன. கார் கழுவித் துடைக்கப்பட்டு, எரிபொருள் நிரப்பப்பட்டு, நல்ல நிலையில் வந்து சேரும். ஏறக்குறைய ஒரு வாரத்தில் திரும்பிப் போய்விடும். பள்ளி ஆய்வாளர் வரும் நாளில் வகுப்பறை இருக்கும் நிலையும் மற்ற நாள்களில் இருக்கும் நிலையும் ஒன்றல்ல என்பதை ஆசிரியர்கள் அறிவர். தேயும் டயருக்கோ, காப்பீட்டுக்கோ, பராமரிப்புக்கோ சோதனையாளர் பணம் கட்டுவதில்லை என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

1936-இல் தொடங்கப்பட்ட கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் அமைப்பின் வழி வேறு. அது விளம்பரம் வாங்குவதில்லை. தான் யார் என்று சொல்லாமல், சாதாரண வாடிக்கையாளர் போல விற்பனையகத்தில் காரை விலைக்கு வாங்குகிறது. கனெக்டிகட் மாநிலத்தின் கோல்செஸ்டர் ஊரில், முன்பு கார்ப் பந்தயத் திடலாக இருந்த 327 ஏக்கர் நிலத்தில் இதன் சோதனைத் தளம் உள்ளது. முறையான சோதனைக்கு முன் பணியாளர்கள் ஒவ்வொரு காரையும் சுமார் 2,000 மைல், அதாவது 3,200 கிலோமீட்டர் ஓட்டிப் பழக்குகின்றனர். முடுக்கம், நிறுத்தும் தூரம், திடீரென விலகும் திறன் ஆகியவற்றோடு இரைச்சல், இருக்கை, ஏறி இறங்கும் எளிமை, முகப்பு விளக்கு, சாமான் இடம் எனப் பலவும் அளக்கப்படுகின்றன.

விலைக்கு வாங்குவதன் பயன் 2012 மார்ச் மாதம் தெரிந்தது. 1,07,850 டாலர் கொடுத்து வாங்கிய ஃபிஸ்கர் கர்மா என்னும் சொகுசுக் கார், 200 மைல்கூட ஓடாத நிலையில் சோதனைத் தளத்திலேயே பழுதாகி நின்றது. அந்தக் கோபம் பணம் கொடுத்தவரின் கோபம். கடன் வாங்கிய காரில் அது வராது.

சுழியத்திலிருந்து அறுபது

ஸ்போர்ட்ஸ் கார் விளம்பரங்களில் முதலில் கண்ணில் படுவது, நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 மைல் (97 கி.மீ.) வேகத்தை எட்டும் நேரம். இந்த எண்ணைப் படிக்கும்போது சில செய்திகள் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்க இதழ்கள் பல, கார் நகரும் முதல் ஓர் அடித் தூரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நேர்கோட்டுப் பந்தயத் திடல்களின் ஒளிக்கதிர்க் கடிகாரம் இயங்கும் விதத்திலிருந்து வந்த வழக்கம் இது. இதனால் ஏறக்குறைய 0.3 நொடி குறைகிறது. மூன்று நொடியில் 60 மைலைத் தொடும் காருக்கு இது பத்தில் ஒரு பங்கு.

அடுத்தது, புறப்படும் முறை. லாஞ்ச் கன்ட்ரோல் என்னும் ஏற்பாட்டில், பிரேக்கை மிதித்தபடியே எஞ்சினை வேகமாகச் சுழல விட்டு, பின்னர் ஒரே மூச்சில் காரை விடுவிக்கின்றனர். சாலை விளக்கு பச்சையானதும் யாரும் இப்படிப் புறப்படுவதில்லை. புறப்பட்டால் கியர்ப்பெட்டி நெடுநாள் தாங்காது. 2007 இறுதியில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த நிசான் ஜி.டி.ஆர். இதற்குச் சான்று. சோதனையாளர்களைத் திகைக்க வைத்த அதன் முடுக்க நேரம் இம்முறையில் கிடைத்தது. அமெரிக்காவில் அதையே செய்து பார்த்த உரிமையாளர் சிலரின் கியர்ப்பெட்டி உடைந்தது. காரின் நிலைப்புக் கட்டுப்பாட்டை அணைத்து ஓட்டியதால் வாரண்டி செல்லுமா என்ற தகராறும் எழுந்தது. பின்னர் கியர்ப்பெட்டிக்குச் சுமை குறையும்படி மென்பொருளை நிறுவனம் மாற்றியமைத்தது. இதழில் அச்சான எண் என்னவோ அப்படியே இருந்தது.

இக்குறையை உணர்ந்து கார் அண்ட் டிரைவர் இதழ் மற்றோர் அளவையும் வெளியிடுகிறது. மணிக்கு 5 மைல் வேகத்தில் மெல்ல உருளும் காரை, தனி ஏற்பாடு எதுவுமின்றி முடுக்கி, 60 மைலைத் தொடும் நேரம் அது. டர்போ எஞ்சின் பொருத்திய கார்களில் இவ்விரு எண்களுக்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கக் காணலாம். வாங்க நினைப்பவருக்குப் பயன்படுவது இரண்டாவது எண்ணே. ஆனால் விளம்பரத்தில் வருவது முதல் எண்.

பந்தயத் தடத்தில் மறையும் குறை

2012-இல் வந்த டொயோட்டா 86, சுபாரு பி.ஆர்.இசட். ஆகிய இரட்டைக் கார்கள் இதழ்களின் பாராட்டை அள்ளின. எடை குறைவு, 2 லிட்டர் எஞ்சின், 200 குதிரைத்திறன். அன்றாடம் ஓட்டியவர்களோ ஒரு குறையைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்: நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,500 முதல் 4,500 சுற்றுகள் வரை எஞ்சினின் இழுவிசை சரிந்து, கார் சோர்ந்துபோகிறது. பந்தயத் தடத்தில் எஞ்சினை எப்போதும் அதற்கு மேலே வைத்தே ஓட்டுவர் என்பதால் அங்கே இது பெரிதாக உறைக்காது. ஊருக்குள் ஓட்டுபவர் நாள்தோறும் பலமுறை இந்தப் பள்ளத்தைக் கடந்தாக வேண்டும். இரண்டாம் தலைமுறையில் 2.4 லிட்டர் எஞ்சின் பொருத்தப்பட்ட பிறகே குறை நீங்கியது.

டயரும் அப்படியே. 195/65 ஆர்15 அளவுள்ள குடும்பக் கார் டயரின் பக்கச்சுவர் 127 மி.மீ. உயரம். ஸ்போர்ட்ஸ் காரில் வரும் 245/35 ஆர்19 டயரில் அது 86 மி.மீ. மட்டுமே. சுவர் குட்டையாக இருந்தால் திருப்பியவுடன் கார் திரும்பும். தடத்தில் நேரம் மிச்சமாகும். அதே சுவர்தான் சாலைக் குழியின் அதிர்ச்சியையும் தாங்க வேண்டும். தாங்காதபோது சக்கரத்தின் விளிம்பு வளைகிறது, டயர் புடைக்கிறது. பிடிப்புக்காக மென்மையாகச் செய்யப்படும் ரப்பர் விரைவில் தேயும். கோடைக்கால டயர் எனப்படும் வகை, வெப்பநிலை சுமார் 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் இறுகிப் பிடிப்பை இழக்கும். பனி பொழியும் ஊரில் இருப்பவர் இரண்டாவதாக ஒரு டயர்த் தொகுதியும் வாங்கியாக வேண்டும். இந்தச் செலவு எந்த மதிப்பெண்ணிலும் சேர்வதில்லை.

எதிர்த்திசையில் உள்ள சான்று மஸ்டா எம்.எக்ஸ்-5. 1989-இல் அறிமுகமாகி, 2016-இல் பத்து லட்சத்தைக் கடந்த இந்த இரு இருக்கைக் காரின் நான்காம் தலைமுறையில் சாமான் இடம் 130 லிட்டர் மட்டுமே. உள்ளே இரைச்சல் அதிகம். உயரமானவர் ஏறி உட்காருவது சிரமம். நுகர்வோர் அட்டவணையில் இவையெல்லாம் மதிப்பெண் குறைக்கும் இனங்கள். வாங்கியவரோ இவற்றைத் தெரிந்தே வாங்குகிறார், மனநிறைவோடும் இருக்கிறார்.

காலம் காட்டும் பழுது

ஒரு வாரச் சோதனையில் மட்டுமல்ல, ஓராண்டுச் சோதனையிலும் தெரியாத பழுதுகள் உண்டு. 1990-களின் பிற்பகுதியில் போர்ஷ நிறுவனம் பாக்ஸ்டர், 911 கார்களில் நீரால் குளிரூட்டப்படும் புதிய எஞ்சினைக் கொண்டுவந்தது. இதழ்கள் பாக்ஸ்டரைப் பலமுறை சிறந்த கார்களின் வரிசையில் வைத்தன. அந்த எஞ்சினுக்குள், வணரித் தண்டின் சுழற்சியை வால்வுகளை இயக்கும் தண்டுகளுக்குக் கடத்தும் ஓர் இடைத்தண்டு உண்டு. அதைத் தாங்கும் சிறிய பேரிங் சில கார்களில், பல்லாயிரம் மைல் ஓடிய பின், எச்சரிக்கை ஏதுமின்றி உடைந்தது. உடைந்தால் வால்வுகளின் ஒழுங்கு குலைந்து, பிஸ்டன் அவற்றில் மோதி, எஞ்சின் முழுவதுமே பாழாகும். பாதிக்கப்பட்டவை சிறு பங்கே என்றாலும், எந்தக் கார் என்று முன்கூட்டிச் சொல்ல இயலவில்லை. உரிமையாளர் பலர், கிளட்ச் மாற்றக் கியர்ப்பெட்டியைக் கழற்றும்போதே பேரிங்கையும் மாற்றிக்கொள்ளும் வழக்கத்துக்கு வந்தனர். இவ்வறிவு முழுவதும் உரிமையாளர்களும் பணிமனைக்காரர்களும் சேர்த்தது. அமெரிக்காவில் நடந்த கூட்டு வழக்கு இழப்பீட்டு உடன்பாட்டில் முடிந்தது.

உரிமையாளர் சொல்லை எடை போடுதல்

அதற்காக உரிமையாளர் சொல்வதை அப்படியே ஏற்பதும் சரியன்று. 2015 ஆகஸ்டில் டெஸ்லா மாடல் எஸ் பி85டி, கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் சோதனையில் நூற்றுக்கு 103 என்னும் விந்தையான மதிப்பெண் பெற்றது. அளவுகோலையே திருத்த வேண்டியதாயிற்று. ஸ்போர்ட்ஸ் கார்களை விஞ்சும் முடுக்கம் கொண்ட செடான் அது. அக்டோபரில் அதே அமைப்பு தன் சந்தாதாரர்களிடம் நடத்திய கணக்கெடுப்பில், மோட்டார் முதல் கதவுப்பிடி வரை பழுதுகள் வெளிவந்ததால் பரிந்துரை திரும்பப் பெறப்பட்டது. ஆனால் அந்த உரிமையாளர்களில் 97 விழுக்காட்டினர் மீண்டும் அதே காரை வாங்குவோம் என்றனர்! பழுதும் நிறைவும் ஒரே மனிதரிடம் சேர்ந்திருக்கக் கூடும் என்பது இதனால் விளங்கும்.

இதன் உளவியல் முன்பே ஆராயப்பட்டுள்ளது. புதிதாகக் கார் வாங்கியவர்கள், தாம் கைவிட்ட கார்களின் விளம்பரங்களைவிடத் தாம் வாங்கிய காரின் விளம்பரத்தையே அதிகம் படிக்கின்றனர் என்று 1957-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று கண்டது. கொடுத்த பணம் வீணில்லை என்று மனம் சான்று தேடுகிறது. மேலும், கார் பிடிக்காமல் விற்றுவிட்டவர் கணக்கெடுப்பில் பெரும்பாலும் வருவதில்லை. ஸ்போர்ட்ஸ் கார் பலருக்கு வீட்டின் இரண்டாவது கார். வார இறுதியில் மட்டும் ஓடும் காருக்குப் பழுது குறைவாகத் தோன்றுவது இயல்பே.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது நீண்டகாலச் சோதனை. கார் அண்ட் டிரைவர் சில கார்களை 40,000 மைல், அதாவது சுமார் 64,000 கி.மீ. வரை வைத்து ஓட்டுகிறது. அந்தக் கட்டுரைகளில் முடுக்க நேரத்தைவிட ஓரத்துப் பெட்டிச் செய்தியே கவனிக்கத்தக்கது: பராமரிப்புக்கு ஆன தொகை, எதிர்பாராத பழுதுகள், எரிபொருள் கணக்கு, தேய்மானத்துக்கும் உடைந்த சக்கரத்துக்கும் ஆன செலவு.