பெயர் கேளாத படங்கள்

சந்தையிலும் தெருவிலும் எதிர்ப்படும் ஆயிரம் முகங்களுள் ஏதோ ஒரு முகம் நம்மைத் தடுத்து நிறுத்துகின்றது. முன்பின் அறியாத முகந்தான். ஆயினும், அதன் சுருக்கங்களிலே ஒரு வாழ்க்கை முழுவதும் எழுதப்பட்டிருப்பதுபோலத் தோன்றுகின்றது. கையிற் கமரா இருந்தாலோ அதனைப் படம்பிடித்துக்கொள்ள மனம் அவாவுகின்றது. அவ்வேளையில் நமக்கு மூன்று வழிகள் உண்டு. கேட்டுப் பிடிக்கலாம், கேளாமற் பிடிக்கலாம், கமராவைத் தாழ்த்திக்கொண்டு அப்பாற் செல்லலாம். எவ்வழி செல்வது என்பது கலைஞர்க்கு மட்டுமுரிய வினாவன்று. கைத்தொலைபேசியிலேயே கமராவை வைத்துக்கொண்டு திரியும் இக்காலத்தில் அது நம் எல்லோர்க்கும் உரியது.

களுத்துறைக்கு வந்த சீமாட்டி

முகங்களைப் படம்பிடிப்பதிலே தலைசிறந்தவர்களுள் ஒருவர் நமது தீவின் மண்ணிலேதான் உறங்குகின்றார் என்பதைப் பலர் அறியார். அவர் ஜூலியா மார்கரட் கமரன் அம்மையார். வரலாற்றுப் புத்தகங்களில் நாம் படித்த கோல்புறூக் - கமரன் சீர்திருத்தங்களை ஆக்கிய இருவருள் ஒருவரான சார்ள்ஸ் ஹே கமரனின் துணைவியார். மகளும் மருமகனும் 1863 ஆம் ஆண்டிற் பரிசளித்த கமராவைக் கொண்டு, தமது 48 ஆவது வயதிலே இக்கலையைத் தொடங்கினார். கண்ணாடித் தட்டிலே மருந்து பூசி, அஃது ஈரமாக இருக்கும்போதே படம்பிடித்துக் கழுவவேண்டிய காலம் அது. எதிரே இருப்பவர் நிமிடக்கணக்கில் அசையாதிருத்தல் வேண்டும். கவிஞர் தெனிசனும் விஞ்ஞானி டார்வினும் அவ்வாறே அவர் முன் அசையாது அமர்ந்தனர்.

1875 ஆம் ஆண்டிற் கமரன் குடும்பத்தினர் இலங்கைக்கு வந்தனர். இங்கும் அம்மையார் கமராவைக் கைவிடவில்லை. களுத்துறைக் கிராமத்தவர்களையும் தோட்டத் தொழிலாளர்களையும் படம்பிடித்தார். 1877 இல் அவரைக் காணவந்த ஓவியர் மரியான் நோர்த் ஒரு வேடிக்கையை எழுதிவைத்திருக்கின்றார். ஒரு மனிதனின் முதுகின் அழகிலே மயங்கிய அம்மையார், அவனைத் தோட்டக்காரனாக வைத்துக்கொள்ளும்படி தம் மகனிடம் பிடிவாதம் செய்தாராம். அங்கே தோட்டமோ இருக்கவில்லை. அவனுக்கோ தோட்டவேலை என்றால் இன்னதென்றே தெரியாது!

1879 ஆம் ஆண்டு தை மாதத்தில் டிக்கோயாப் பகுதியிலே காலமான அம்மையார், பொகவந்தலாவைத் தேவாலய மயானத்திலே கணவருக்கருகில் அடக்கஞ் செய்யப்பட்டிருக்கின்றார். இங்கு அவர் பிடித்தவற்றுள் முப்பதுக்குங் குறைவான படங்களே எஞ்சியுள்ளன. தெனிசனின் படத்தின் கீழே தெனிசனின் பெயர் இருக்கின்றது. நம்மவரின் படங்களின் கீழே பெரும்பாலும் ஊரும் தொழிலுமே இருக்கின்றன. அந்த முகங்கள் இன்றும் நம்மை உற்று நோக்குகின்றன. ஆனால் அவை எவருடைய பாட்டன், எவருடைய பாட்டி என்று சொல்ல வழியில்லை.

பட்டாணி பறித்த தாய்

இதே குறை உலகப் புகழ்பெற்ற படமொன்றிற்கும் உண்டு. 1936 ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலே, நிப்போமோ என்னுமிடத்தில், பட்டாணி பறிக்க வந்து பயிர் அழிந்தமையாற் பட்டினியாற் கிடந்த கூலிகளின் முகாமுக்குள் டொரதியா லாங் அம்மையார் நுழைந்தார். அரசாங்கத்திற்காகப் படம்பிடித்து வந்தவர் அவர். கிழிந்த கூடாரத்தின் கீழே, தோளிற் சாய்ந்த குழந்தைகளோடு, கையைக் கன்னத்தருகே வைத்துத் தூரத்தை நோக்கியிருந்த ஒரு தாயைச் சில படங்கள் பிடித்தார். வயது 32 என்று குறித்துக்கொண்டார். பெயரைக் கேட்கவில்லை.

படங்கள் பத்திரிகையில் வெளியாகவே அரசாங்கம் அம்முகாமுக்கு உணவு அனுப்பியது. அதற்குள் அத்தாய் வேறிடத்திற்குப் போய்விட்டார். புளோரன்ஸ் ஓவன்ஸ் தொம்சன் என்பது அவர் பெயரென 1978 ஆம் ஆண்டிலேதான் உலகம் அறிந்தது. அப்பொழுது அவர் பெருமைப்படவில்லை. மனம் வருந்தியே பேசினார். தம் பெயரைக் கேட்கவில்லை, ஒரு பிரதி அனுப்புவதாகச் சொல்லியும் அனுப்பவில்லை, அப்படத்தாற் தமக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை என்பனவே அவருடைய முறைப்பாடுகள். லாங் அம்மையாரும் அதனாற் பணம் ஈட்டவில்லை. படம் அரசாங்கத்தின் சொத்து. 1983 இல் தொம்சன் அம்மையார் நோயுற்றபோது அப்படத்தை நினைவிற் கொண்ட பொதுமக்கள் உதவிப்பணம் அனுப்பினர். அவ்வாண்டே அவர் காலமானார்.

பிடிக்கும் முறை

முகத்தைப் படம்பிடிப்பதிற் சில நுட்பங்கள் உள. உச்சி வெயில் கண்களின் கீழே குழிபோல நிழல் வீழ்த்தும். ஆதலால் மரநிழலோ கடைத் தாழ்வாரமோ நன்று. மிக நெருங்கிப் பிடித்தால் மூக்குப் பெருத்துத் தோன்றும். இரண்டோர் அடி விலகி நிற்றல் வேண்டும். எது தெளியாவிடினும் கண்கள் தெளிவாக இருத்தல் அவசியம். முதற் படத்திற்கு எவரும் விறைத்துத்தான் நிற்பர். அது முடிந்ததென்று பெருமூச்சு விடும் அக்கணத்திலேதான் உண்மை முகம் வெளிப்படும். இரண்டாவது படத்தை அப்பொழுது எடுக்கவேண்டும். இவையாவும் எளிதிற் கைவருவன. நமக்குக் கைவராதது வேறொன்று.

சந்தையில் ஓர் ஆச்சி

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஓர் ஆவணி மாதத்திலே, யாழ்ப்பாணம் திருநெல்வேலிச் சந்தையிற் கடகம் நிறையப் புழுக்கொடியல் வைத்துக்கொண்டிருந்த ஓர் ஆச்சியைக் கேட்டுத்தான் படம்பிடித்தோம். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு இருந்தார். பின்பு சொன்னார்:

“தம்பி, உந்தப் படத்திலை எனக்கும் ஒண்டு தருவியளோ? வீட்டிலை கிடந்த படமெல்லாம் தொண்ணூற்றைஞ்சு இடப்பெயர்வோடை போட்டுது. அடையாள அட்டையிலை இருக்கிறதைப் பாத்தால் எனக்கே பயமாக் கிடக்கு. நாளைக்குக் கல்வெட்டிலை போடவெண்டாலும் ஒரு நல்ல படம் வேணுமெல்லோ!”

அடுத்த கிழமையே கொண்டுவருவதாக வாக்களித்தோம். கிழமைகள் மாதங்களாயின. தை மாதத்திற் படத்தோடு சென்றபோது அவ்விடத்தில் வேறொருவர் மரவள்ளிக்கிழங்கு விற்றுக்கொண்டிருந்தார்.

“ஆச்சி கார்த்திகையிலை மோசம் போட்டா. படக்காரத் தம்பி வருவார் எண்டு கனநாள் பாத்துக்கொண்டிருந்தவ” என்றார் அவர்.

வழி விசாரித்து வீட்டிற்குச் சென்றோம். ஆச்சியின் மகள் கல்வெட்டை எடுத்துத் தந்தார். அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்து முகப்பில் அச்சிட்டிருந்தார்கள். கண்ணும் மூக்கும் கலங்கிய ஒரு முகம். அதன் கீழே இருந்த பெயரை அன்றுதான் முதன்முறையாகப் படித்தோம். உத்தரவு கேட்டோம், பெயரைக் கேட்கவில்லை. நாம் கொண்டுசென்ற படத்தை மகள் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எம்மை ஒரு சொல்லும் குறை சொல்லவில்லை.

“ஆட்டைத் திவசத்துக்கு இதைத்தான் வைப்பம்” என்றார்.

அன்று முதல் கமராவோடு ஒரு சிறு கொப்பியும் எம்முடன் வருகின்றது. படம் எடுக்குமுன் பெயரும் ஊரும் அதில் ஏறும். படம் கொடுக்கவேண்டிய நாளும் ஏறும். கொடுத்தபின்னரே அவ்வரி வெட்டப்படும். வாசகர்களும் இவ்வழக்கத்தைக் கைக்கொள்ளலாம். ஓர் அந்நியரின் முகத்தை நாம் பெற்றுக்கொள்ளும்போது கடன்படுகின்றோம். அக்கடனைத் தீர்க்க ஒரு பிரதியின் செலவே போதும், ஆனால் காலந்தாழ்த்தலாகாது.