மூன்று டீஸ்பூன் என்ஜின்!

மருந்து அளக்கும் டீஸ்பூனால் மூன்று தடவை தண்ணீர் எடுங்கள். 15 சி.சி. அவ்வளவுதான், இங்கிலாந்தில் எட்கர் வெஸ்ட்பரி வடிவமைத்த 'சீல்' பெட்ரோல் என்ஜினின் நான்கு சிலிண்டர்களுக்கும் சேர்த்துக் கொள்ளளவு! 1898-ல் தொடங்கிய 'மாடல் என்ஜினியர்' பத்திரிகையைப் படித்து, அங்கே பலர் வீட்டுக் கொட்டகையிலேயே இம்மாதிரி என்ஜின்கள் செய்தார்கள்.

வார்ப்புகளை வாங்கி லேத்தில் கடைய வேண்டும். சிலிண்டர் துவாரம் மயிரிழை பெரிதானாலும் பிஸ்டன் தொளதொளவென்று ஆகிவிடும், அழுத்தம் நிற்காது. அதிகமாக வெட்டிவிட்ட ரவிக்கைத் துணி மாதிரிதான், ஒட்ட வைக்க முடியுமா? ஆகவே கொஞ்சங் கொஞ்சமாகச் சீவி, அடிக்கடி அளப்பார்கள்.

உங்கள் பையனுக்கு இந்த ஆசை வந்தால் தடுக்காதீர்கள். ஆனால் இரண்டில் கண்டிப்பாயிருங்கள். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் லேத் பக்கம் போகக் கூடாது. மூடிய அறையில் என்ஜினை ஓட்டவே கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது. தெரியாமலே ஆளைச் சாய்த்துவிடும்!