முள்ளந்தண்டு இறுக்க அழற்சியும் உடற்பயிற்சியும்

முள்ளந்தண்டு இறுக்க அழற்சி என்பது முதுகெலும்புத் தொடரையும், அது இடுப்பெலும்போடு சேரும் இடத்திலுள்ள மூட்டுகளையும் தாக்கும் நாட்பட்ட அழற்சி நோயாகும். மருத்துவர்கள் இதனை அன்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்பர். பொதுவாக 45 வயதுக்கு முன்னரே, பெரும்பாலும் இருபதுகளில் தொடங்குகிறது. முதுமையில் வரும் எலும்புத் தேய்மானத்தோடு இதனைக் குழப்பிக்கொள்வதுண்டு. ஆனால் இரண்டும் நேர் எதிரான இயல்புடையவை. தேய்மான வலி உழைப்பால் கூடி ஓய்வால் தணியும். இந்நோயின் வலியோ ஓய்வால் கூடி அசைவால் தணியும். இதனால்தான் உடற்பயிற்சி இங்கு மருந்துக்கு ஒரு துணை என்ற அளவில் நில்லாமல் சிகிச்சையின் அடிப்படைப் பகுதியாகவே கொள்ளப்படுகிறது.

நோயின் இயல்பு

தசைநாண்களும் எலும்புகளைப் பிணைக்கும் நார்களும் எலும்பில் பற்றும் இடங்களில் அழற்சி தொடங்குகிறது. அழற்சி ஆறும்போது அவ்விடங்களில் புதிய எலும்பு வளரக்கூடும். ஆண்டுகள் பல செல்லச் செல்ல, சிலருக்கு முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று இணைந்துவிடுகின்றன. எக்சு-கதிர்ப் படத்தில் கணுக்களோடு கூடிய மூங்கில் போலத் தோன்றுவதால் இந்நிலைக்கு மூங்கில் முதுகெலும்பு என்று பெயர். எல்லா நோயாளிகளும் இந்நிலையை அடைவதில்லை.

எச்.எல்.ஏ-பி27 என்னும் மரபணு வகைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு 1973 இல் கண்டறியப்பட்டது. எனினும் அம்மரபணு உடையோரில் பெரும்பாலோர் நோயின்றியே வாழ்கின்றனர். இது ஆண்களின் நோய் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. அக்கருத்தால் பெண்கள் பலருக்கு நோயறிதல் தாமதமாகியது. காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் விறைப்பும், பின்னிரவில் உறக்கத்தைக் கலைக்கும் முதுகுவலியும் இளவயதினருக்கு மூன்று மாதங்களுக்கு மேல் இருந்தால் இந்நோயை ஐயுற வேண்டும்.

ஓய்விலிருந்து பயிற்சிக்கு

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நோயாளிகள் படுக்கையில் கிடத்தப்பட்டனர். சிலருக்கு உடலைச் சுற்றி மாவுக்கட்டு இடப்பட்டது. வலி குறைந்தது போலிருந்தாலும் முதுகு அந்நிலையிலேயே இறுகியது. முதுகெலும்பின் மீது எக்சு-கதிர் பாய்ச்சும் முறையும் பரவலாக இருந்தது. அவ்வாறு சிகிச்சை பெற்ற 13,000க்கும் மேற்பட்ட பிரித்தானிய நோயாளிகளை ஆராய்ந்த கோர்ட் பிரவுன், ரிச்சர்ட் டால் ஆகியோர், அவர்களிடையே இரத்தப் புற்றுநோய் மிகுந்திருந்ததை 1957 இல் வெளிப்படுத்தினர். அதன்பின் அம்முறை வழக்கொழிந்தது.

பயிற்சி வழிச் சிகிச்சைக்குப் பெயர் பெற்றது இங்கிலாந்தின் பாத் நகரம். வெந்நீர் ஊற்றுகளுக்குப் புகழ்பெற்ற அந்நகரின் வாத நோய் மருத்துவமனையில், நோயாளிகள் குழுவாகத் தங்கி நீரிலும் நிலத்திலும் பயிற்சி செய்தனர். இன்று உலகெங்கும் பயன்படும் அளவீடுகள் சில 1994 இல் இங்கிருந்தே வெளிவந்தன. அவற்றுள் செயல்திறனை அளக்கும் வினாத்தாளில் பத்துக் கேள்விகள் உள்ளன. உதவியின்றிக் காலுறை அணிய இயலுமா, தரையில் கிடக்கும் எழுதுகோலைக் குனிந்து எடுக்க இயலுமா, உடலைத் திருப்பாமல் தோளுக்குப் பின்னே பார்க்க இயலுமா என்பன அவற்றுட் சில. நோயாளி அன்றாடம் எதை இழக்கிறார் என்பதை எக்சு-கதிர்ப் படத்தைவிட இக்கேள்விகள் தெளிவாகக் காட்டுகின்றன எனலாம்.

வாழ்க்கைத் தரத்துக்கென 18 கேள்விகள் கொண்ட தனி வினாத்தாள் 2003 இல் வெளியானது. வலியோடு சோர்வு, உறக்கமின்மை, மனத்தளர்ச்சி ஆகியனவும் இந்நோயில் வாழ்க்கைத் தரத்தைக் குறைக்கின்றன. படிப்பும் வேலையும் குடும்பமும் அமையும் வயதில் நோய் தொடங்குவதால் இவற்றின் சுமை பெரிது.

பயிற்சி வகைகள்

முதுகை நிமிர்த்துவதும் பின்னோக்கி வளைப்பதும் முதன்மையானவை. நோய் உடலை முன்னோக்கிக் கூன வைப்பதே இதற்குக் காரணம். நாள்தோறும் சிறிது நேரம் குப்புறப் படுத்திருப்பது இடுப்பு மடங்கி இறுகுவதைத் தடுக்க உதவும். விலா எலும்புகள் முதுகெலும்போடு சேரும் மூட்டுகளும் இறுகுவதால் மார்பு விரிவது குறைகிறது. ஆழ்ந்து மூச்சிழுக்கும் பயிற்சி இதற்கானது. நீச்சல் பலருக்கும் ஏற்றது. கழுத்தைத் திருப்ப இயலாதவர் மூச்சுக்குழாய் பொருத்திக்கொண்டு நீந்தலாம். காலை விறைப்பு மிகுந்தவர்கள் வெந்நீரில் குளித்தபின் பயிற்சி தொடங்குவது எளிது.

ஆய்வு முடிவுகள்

11 ஆய்வுகளைத் தொகுத்த 2008 ஆம் ஆண்டின் காக்ரேன் மீளாய்வு, வீட்டுப் பயிற்சி ஏதும் செய்யாதிருப்பதைவிடவும், இயன்முறை மருத்துவர் மேற்பார்வையில் குழுவாகச் செய்வது வீட்டுப் பயிற்சியைவிடவும் நன்று எனக் கண்டது. 14 ஆய்வுகளை எடுத்துக்கொண்ட 2019 ஆம் ஆண்டு மீளாய்வு, செயல்திறனும் வலியும் ஓரளவே மேம்படுவதாக அடக்கத்துடன் கூறுகிறது. அதே ஆண்டு வெளியான ஸ்கண்டினேவிய ஆய்வொன்றில், 100 நோயாளிகளில் ஒரு பிரிவினர் மூன்று மாதங்கள் கடும் இதயப் பயிற்சியும் தசை வலுப் பயிற்சியும் செய்தனர். கடும் பயிற்சி நோயைக் கிளப்பிவிடும் என்ற அச்சத்துக்கு மாறாக, அவர்களின் நோய்த் தீவிரம் குறைந்தது.

எலும்புகள் இணைவதைப் பயிற்சி தடுத்து நிறுத்தும் என்று மெய்ப்பிக்கப்படவில்லை. முதுகு இறுகினாலும் நிமிர்ந்த நிலையில் இறுகுவதற்கு அது உதவும் என்பதே மருத்துவர்களின் எதிர்பார்ப்பு. இவ்வேறுபாடு சிறிதன்று. நிமிர்ந்த முதுகுடையவர் எதிரே வருபவரின் முகத்தைப் பார்த்து நடக்கலாம். கூன் முற்றியவர் நிலத்தையே நோக்கி நடக்க வேண்டியிருக்கும்.

அழற்சி எதிர்ப்பு மாத்திரைகளும், 2000களில் வந்த உயிரியல் மருந்துகளும் பயிற்சியை எளிதாக்கியுள்ளன. வலி அடங்கியதும் பயிற்சியைக் கைவிடும் போக்கும் இவற்றோடு சேர்ந்தே வந்தது.

எச்சரிக்கை

இறுகிய முதுகெலும்பு உறுதியானது போலத் தோன்றினாலும் எளிதில் முறியக்கூடியது. ஆகவே நோய் முற்றியவர்கள் மோதல் மிகுந்த விளையாட்டுகளைத் தவிர்க்க வேண்டும். கழுத்தையும் முதுகையும் சடக்கென முறுக்கிச் சொடுக்கெடுப்பது இவர்களுக்குப் பெருந்தீங்கு விளைவிக்கும். சிறு வீழ்ச்சிக்குப் பின்னரும் புதிதாகக் கழுத்துவலியோ கைகால் மரத்தலோ தோன்றினால், எலும்பு முறிவில்லை என்று உறுதியாகும்வரை கழுத்தை அசைக்காமல் உடனே மருத்துவமனையை நாட வேண்டும். இத்தகையவரின் வளைந்த கழுத்தை முதலுதவியின்போது நேராக்க முயலாமல், வழக்கமாக இருந்த வளைவிலேயே தாங்கிப் பிடிப்பதே முறையாகும்.