வேலை கிடைத்தால் போதுமா? நிலைக்க வேண்டாமா?

"எனக்குப் பிறகு இவனை யார் அண்ணா பார்ப்பார்கள்?" குமுளியில் இருக்கும் என் தங்கை பல ஆண்டுகளாகக் கேட்டுவரும் கேள்வி இது. அவள் மகனுக்கு வயது இருபத்து நான்கு, ஆட்டிசம் உள்ளவன். சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வண்டன்மேடு, மூணாறு பக்கம் வாழும் நம் குடும்பங்கள் சிலவற்றிலும் இதே கவலை இருப்பதை அறிவேன். ஆகவே எங்கள் அனுபவத்தை எழுதத் துணிந்தேன்.

ஆட்டிசம் நோய் அல்ல. மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு. பேச்சும் பழகும் முறையும் மாறுபடும். இரைச்சலும் திடீர் மாற்றமும் பலருக்குத் தாங்காது. ஆனால் மனம் பிடித்த வேலையில் பிசகாத கவனம் உள்ளவர்களும் பலர்.

1943-இல் அமெரிக்காவில் டாக்டர் லியோ கேனர் இதைப் பற்றி எழுதியபோது, அவர் குறிப்பிட்ட முதல் குழந்தை டொனால்ட் டிரிப்லெட். அந்தக் குழந்தை வளர்ந்து, 1958-இல் சொந்த ஊர் வங்கியில் சேர்ந்து, அறுபது ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே வேலை பார்த்து, 2023-இல் காலமானார். வங்கி அவருடைய குடும்பத்தோடு தொடர்புடையது என்பது உண்மைதான். ஆனாலும் ஊரார் அவரை அவராகவே ஏற்றுக்கொண்டதும் பெரிய காரணம்.

எங்கள் பையன் முதலில் சேர்ந்த கடையில் ஒன்பது நாள்தான் இருந்தான். ஒரு நாள் பொட்டலம் கட்டச் சொன்னார்கள். மறுநாள் கல்லாப் பக்கம் நிற்கச் சொன்னார்கள். "கொஞ்சம் பார்த்துச் செய்யப்பா" என்றால் எதைப் பார்ப்பது என்று அவனுக்குப் புரியவில்லை. காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். தவறு அவனிடம் மட்டும் இல்லை என்பது எங்களுக்குப் பிறகுதான் விளங்கியது.

அடுத்து ஏலக்காய் பொறுக்கும் இடத்தில் கேட்டோம். இந்த முறை சேருவதற்கு முன்பே பல நாள் கூட்டிப்போய் இடத்தைப் பழக்கினோம். சல்லடையில் நிற்கும் காய் இந்தச் சாக்கில், வெடித்த காய் அந்தக் கூடையில் என்று படம் வரைந்து சுவரில் ஒட்டினோம். வேலை சொல்பவர் ஒரே ஒரு அக்காதான். இயந்திரம் ஓடும்போது காதுக்கு மூடி. நேரம் மாறினால் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மற்றவர்களுக்குத் தரும் கூலியே அவனுக்கும். பாஸ்புத்தகம் அவன் பெயரில்.

சட்டமும் துணை நிற்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் சேர்ந்துள்ளது. அரசு வேலையில் உள்ள 4 சதவீத ஒதுக்கீட்டில் 1 சதவீதம் ஆட்டிசம் உள்ளிட்ட சில பிரிவினருக்கு; பாதிப்பு 40 சதவீதமாவது இருப்பதாகச் சான்றிதழ் வேண்டும். அந்தச் சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும். கம்பத்தில் வாங்கியதைக் குமுளியில் காட்டலாம். பதினெட்டு வயது கடந்தவர்களுக்கு, கேரளத்தில் உள்ளாட்சிகள் நடத்தும் பட்ஸ் மறுவாழ்வு மையங்களில் தொழில் பழகலாம். தேவைப்படுவோருக்குச் சட்டப்படி காப்பாளரை நியமிக்க 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் வழி செய்கிறது.

கடையோ தோட்டமோ வைத்திருக்கும் நம் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரே ஒரு பிள்ளைக்கு இடம் கொடுத்து, ஒரு மாதம் பொறுமையாக இருந்து பாருங்கள். என் தங்கையின் கேள்விக்கு விடை நம் எல்லோரிடமும்தான் இருக்கிறது.